மடியில் வைத்த மருந்து: ஒரு குட்டி நாயின் 450 வருடக் கதை (நீண்ட இழை)

போன மாசம் நைட் டியூட்டி முடிச்சு வந்து படுத்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ. அனுப்பியவர் பிரிட்டனில் வேலை பார்க்கும் கல்லூரி சீனியர் அக்கா. மொத்தமே 15 நொடி. 'லப்-டப்' கேட்க வேண்டிய இடத்தில் 'உஷ்ஷ்... உஷ்ஷ்...' என்று காற்று ஊதுகிற மாதிரி சத்தம். வகுப்பில் போட்டுக் காட்டலாம், அவ்வளவு தெளிவான மைட்ரல் ரீகர்ஜிட்டேஷன் மர்மர்.

"யாருக்குக்கா இது? என்ன வயசு?"

"ஆறு வயசுடா. எங்க வீட்டு நாய்."

தூக்கம் போச்சு. நாய் இதயம் பற்றி எம்.பி.பி.எஸ்.ஸில் யாரும் சொல்லித் தரவில்லை. கால்நடை மருத்துவர் ஏற்கெனவே பார்த்து, எக்கோ எடுத்து, மாத்திரையும் ஆரம்பித்துவிட்டாராம். அக்காவுக்கு வேண்டியது சிகிச்சை இல்லை. "கீமோ வார்டுல நின்னுட்டு வீட்டுக்கு வர்றேன். கதவைத் திறந்த நொடியிலிருந்து தூங்குற வரைக்கும் என் மேலயே கிடக்கும். இதுக்குப் போய் ஏன்டா இந்த வியாதி?" இதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் 16ஆம் நூற்றாண்டில் ஒரு டாக்டரிடம் போய் நின்றேன். அந்தக் கதைதான் இது. டீ போட்டு வச்சுக்கோங்க, கொஞ்சம் நீளம்.

நாயின் இனம் காவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல். ஆங்கில உச்சரிப்புக்குக் கிட்டத்தில் 'கே' போட்டு எழுதினால் கேவலம் மாதிரி தெரிகிறது. அதனால் 'கா'. ஆனால் காவலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. திருடன் வந்தாலும் வாலை ஆட்டி, அவன் மடியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். ஐந்தரை முதல் எட்டு கிலோ எடை, தொங்கும் பட்டுக் காது, பெரிய கண். ஒட்டுப்புல் வேட்டியில் ஒட்டுகிற மாதிரி மனுஷனிடம் ஒட்டிக்கொள்ளும். தனியாக விட்டால் தாங்காது.

இப்போ அந்த டாக்டர். பெயர் ஜான் கீஸ். அந்தக் காலப் படித்தவர்கள் பாணியில் பெயரை லத்தீனாக்கி 'கயஸ்' என்று எழுதிக்கொண்டார், உச்சரிப்பு மட்டும் கீஸ்தான். 1510இல் நாரிச்சில் பிறந்தவர். மருத்துவம் படிக்க இத்தாலியின் படுவா நகருக்குப் போனார். அங்கே அவர் தங்கிய வீட்டில் கூடவே இருந்தவர் யார் தெரியுமா? ஆன்ட்ரியாஸ் வெசாலியஸ். ஃபர்ஸ்ட் இயர் அனாட்டமியில் முதல் வாரமே காதில் விழும் பெயர். 1543இல் மனித உடற்கூறு பற்றி அவர் போட்ட புத்தகம்தான் நம்ம டிசெக்ஷன் ஹாலுக்கெல்லாம் தாத்தா.

இதயத்தின் இடது பக்கம், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இரண்டு இதழ் வால்வு ஒன்று இருக்கிறது. அது பிஷப்புகள் தலையில் வைக்கும் 'மைட்டர்' தொப்பி மாதிரி இருக்கிறது என்று ஒப்பிட்டவர் வெசாலியஸ். மைட்ரல் வால்வு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைங்க, திரும்ப வருவோம்.

கீஸ் ஊர் திரும்பி பெரிய ஆளானார். லண்டன் மருத்துவர் சங்கத்துக்குத் தலைவர். ஆறாம் எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று மூன்று பேருக்கு அரண்மனை வைத்தியர். ஆளை ஒரே நாளில் கொன்றுபோட்ட 'வியர்வைக் காய்ச்சல்' கொள்ளைநோய் பற்றி 1552இல் புத்தகம் எழுதினார். கேம்பிரிட்ஜில் தான் படித்த கல்லூரிக்குப் பணம் கொட்டி அதை எழுப்பி நிறுத்தினார். இன்றும் அதில் அவர் பெயர் இருக்கிறது. ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628இல் நிரூபித்த வில்லியம் ஹார்வி பின்னாளில் படித்தது அதே கல்லூரியில்தான்.

இவ்வளவு வேலைக்கு நடுவில் மனுஷன் நாய்கள் பற்றியும் ஒரு சின்ன நூல் எழுதினார். சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னருக்காக எழுதியது. கெஸ்னர் 1565இல் இறந்துவிட்டார். நூல் 1570இல் லண்டனில் லத்தீனில் அச்சானது. ஆறு வருடம் கழித்து ஆங்கிலத்திலும் வந்தது. பிரிட்டன் நாய்களை வகை பிரித்துச் சொன்ன முதல் அச்சு நூல்களில் ஒன்று. வேட்டை நாய், மேய்ப்பு நாய், காவல் நாய் எல்லாம் வரிசையாக வரும். அவற்றோடு சீமாட்டிகள் மடியில் வைத்துக்கொள்ளும் குட்டி ஸ்பேனியலும் வரும். அதற்கு ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட்டர்' என்று பெயர். ஆறுதல் தருவது.

இந்த நாயால் என்ன பயன்? இங்கே கீஸுக்குள் இருக்கும் டாக்டர் முழித்துக்கொள்கிறார். வயிற்று வலிக்கு இந்த நாயை வயிற்றின் மேல் பற்று மாதிரி வைத்துக்கொள்ளலாம், நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம், அதன் இதமான சூடு வலியைத் தணிக்கும் என்கிறார். அதாவது வால் வைத்த ஒத்தடப் பை! அதோடு நிறுத்தவில்லை. நோய் மனிதனை விட்டு நாய்க்குள் போய்விடும் என்பது அவர் கருத்து. அதற்கு ஆதாரமாக, அப்படி வைத்திருந்த நாய்கள் நோயில் விழுவதையும் சில சமயம் செத்தே போவதையும் சொல்கிறார்.

முதல் பாதியை நான் கிண்டல் செய்ய மாட்டேன். பீரியட்ஸ் வலிக்கு வெந்நீர்ப் பை வைக்கச் சொல்லி இன்றைக்கும் எழுதிக் கொடுக்கிறோம். இரண்டாம் பாதி அந்தக் காலத்து நம்பிக்கை. திருஷ்டி கழித்துப் பூசணிக்காயை முச்சந்தியில் உடைக்கிறோமே, கிட்டத்தட்ட அந்தத் தர்க்கம்தான்.

அந்தக் காலத்து அரண்மனை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல் சுவர், குளிர், நாலு பக்கமும் சதி. தொட்டு அணைக்க நம்பிக்கையான ஒரு உயிர் கிடைப்பது அங்கே ராஜாவுக்கே அரிது. 1587 பிப்ரவரியில் ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலையை வெட்டியபோது, அவர் பாவாடைக்குள் ஒரு குட்டி நாய் ஒளிந்திருந்தது. நேரில் பார்த்தவர் எழுதி வைத்த அறிக்கை இது. வெளியே எடுத்த பிறகும் அது தலைக்கும் தோளுக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டதாம். ரத்தத்தைக் கழுவித்தான் கொண்டுபோனார்கள்.

மேரியின் கொள்ளுப்பேரன் இரண்டாம் சார்லஸ். அப்பா தலையை நாடாளுமன்றத் தரப்பு வெட்டியது, இவர் வருடக்கணக்கில் வெளிநாட்டில் அலைந்தார். 1660இல் ராஜாவாக ஊர் திரும்பியபோது அந்தப் பயணத்தில் கூட இருந்தவர் டைரிக்காரர் சாமுவேல் பீப்ஸ். கரைக்கு வந்த படகில் ராஜாவின் நாய் ஒன்று அசிங்கம் பண்ணிவிட்டது, எல்லோரும் சிரித்தோம் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். ராஜாவும் நம்மள மாதிரி சாதாரண மனுஷன்தான் என்று தோன்றியதாம். ஏழு வருடம் கழித்து அதே பீப்ஸ், ஆலோசனைக் கூட்டத்தில் வேலையைக் கவனிக்காமல் ராஜா நாயோடு விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று புலம்புகிறார். இன்னொரு டைரிக்காரர் ஜான் ஈவ்லின் சொல்வது: நாய்கள் ராஜாவின் படுக்கையறையிலேயே குட்டி போட்டுப் பால் கொடுத்தன, அரண்மனையே நாறியது.

'கிங் சார்லஸ்' என்ற பெயர் இவரிடமிருந்து வந்தது. உள்நாட்டுப் போரில் ராஜா கட்சிக்காரர்களுக்குக் 'காவலியர்' என்று பெயர், அது பின்னால் ஒட்டிக்கொண்டது. சைடு டிராக்: இந்த நாயை நாடாளுமன்றம் உட்பட எந்தப் பொது இடத்துக்கும் அழைத்துப் போகலாம் என்று சார்லஸ் சட்டம் போட்டார், அது இன்னும் அமலில் இருக்கிறது என்று ஒரு ஃபார்வர்டு சுற்றும். அப்படி ஒரு சட்டமே இல்லை. ஃபார்வர்டு செய்யாதீங்க.

அடுத்த நூற்றைம்பது வருடத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். மார்ல்பரோ பிரபு வீட்டில் சிவப்பு-வெள்ளை நிறத்து ஸ்பேனியல்களை வளர்த்தார்கள். அந்த பிளென்ஹெய்ம் மாளிகையின் பெயரே அந்த நிறத்துக்கு நின்றுவிட்டது. விக்டோரியா ராணிக்குச் சிறுமியாக இருந்தபோது டாஷ் என்று ஒரு ஸ்பேனியல். 1838இல் முடிசூட்டு விழா முடிந்து அரண்மனைக்கு வந்ததும் 19 வயது ராணி செய்த வேலை, டாஷைக் குளிப்பாட்டியது.

விக்டோரியா காலத்தில்தான் கதை திரும்புகிறது. நாய்க் கண்காட்சிகள் ஆரம்பித்தன. நாய் என்ன வேலை செய்கிறது, யார் மடியில் தூங்குகிறது என்பதெல்லாம் போய், எப்படி இருக்கிறது என்பதற்குப் பரிசு. தட்டை மூக்கு, உருண்டை மண்டை ஃபேஷன் ஆனது. குட்டி ஸ்பேனியலின் மூக்கு தலைமுறைக்குத் தலைமுறை உள்ளே போனது. பழைய ஓவியங்களில் இருந்த நீள மூக்கு நாய் 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது.

இங்கே ஒரு அமெரிக்கர் வருகிறார், ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ். பழைய ஓவியத்தில் பார்த்த நாயைத் தேடி இங்கிலாந்து வந்தார். எல்லாம் சப்பை மூக்கு. கடுப்பானவர், அப்போது லண்டனில் நடந்த க்ரஃப்ட்ஸ் கண்காட்சியில் 1926இல் ஒரு பரிசு அறிவித்தார். பழைய மாதிரி நீள முகம் உள்ள நாயைக் கொண்டுவாருங்கள், 25 பவுண்டு தருகிறேன், ஐந்து வருடத்துக்கு. அந்தக் காலத்தில் அது பெரிய பணம். இனப்பெருக்கக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு மூக்கை அமுக்கினோம், இவர் திரும்ப இழுக்கச் சொல்கிறார்!

சிலர் இறங்கினார்கள். சப்பை மூக்குக் குடும்பங்களில் எப்போதாவது நீள மூக்கோடு பிறந்து ஒதுக்கப்பட்ட குட்டிகளைத் தேடி எடுத்தார்கள். 1928இல் ஆன்ஸ் சன் என்ற நாய் வென்றது. எல்ட்ரிட்ஜ் அதைப் பார்க்கவில்லை, சில வாரம் முன்புதான் இறந்திருந்தார். அதே வருடம் காவலியர் சங்கம் தொடங்கியது. ஆன்ஸ் சன்னை மாதிரியாக வைத்து இனத்தின் இலக்கணத்தை எழுதினார்கள். 1945இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

தேதியைப் பாருங்க. நடுவில் இரண்டாம் உலகப் போர். ரேஷன் காலத்தில் நாய்க்கு எங்கே சோறு? 60 நாய் வைத்திருந்த ஒரு கென்னலில் மிஞ்சியது மூன்று. ஆரம்பமே கைவிரல் விட்டு எண்ணும் நாய்கள், அதிலும் போர் வடிகட்டியது. மிஞ்சியதை அதற்குள்ளேயே சேர்த்துத்தான் இனத்தைப் பெருக்கினார்கள். 1973இல் ஒரு காவலியர் க்ரஃப்ட்ஸின் மொத்தப் போட்டியிலும் முதல் பரிசு வாங்கியது. வீட்டுக்கு வீடு கேட்க ஆரம்பித்தார்கள்.

நம்ம ஊர் டாக்டர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். குழந்தைகள் ஓ.பி.யில் வித்தியாசமான கேஸ் வந்தால் முதல் கேள்வியே "சொந்தத்துல கல்யாணமா?"தான். அக்கா மகள், மாமன் மகன் கல்யாணத்துக்கே ஒதுங்கிக் கிடக்கும் மரபணு வெளியே வருகிறது. இங்கே அப்பா-மகள், தாத்தா-பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால்?

வந்தது இரண்டு நோய். முதலாவது, அக்கா அனுப்பிய சத்தம். மைட்ரல் வால்வின் இதழ்கள் மெல்ல மெல்லத் தடித்து, சுருண்டு, சரியாக மூடாமல் போகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னால் கசியும். நம்ம ஜி.எச்.சில் மைட்ரல் வால்வு கேஸ் என்றால் பெரும்பாலும் சின்ன வயசுத் தொண்டைப் புண், அதன் பின் ருமாட்டிக் காய்ச்சல் என்ற வழியில் வந்ததாக இருக்கும். இது அது இல்லை. கிருமிக்கு இதில் வேலையே இல்லை, வால்வின் திசுவே தளர்ந்து கெடுகிறது. வயதான குட்டி நாய்கள் பலவற்றுக்கும் வரும். ஆனால் காவலியருக்குச் சீக்கிரம் வரும். ஐந்து வயதில் ஏறக்குறைய பாதி நாய்களுக்கு மர்மர் கேட்கும், பத்து வயது தாண்டினால் அநேகமாக எல்லாவற்றுக்கும். அக்காவின் நாய்க்கு ஆறு. துரதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, வர வேண்டிய வயசில் வந்திருக்கிறது.

இரண்டாவது தலையில். மண்டை ஓட்டின் பின்பகுதி சின்னது, மூளைக்கு இடம் போதவில்லை. சிறுமூளை கீழே பிதுங்கி, மூளைத் தண்டுவட நீர் போகும் வழியை அடைக்கிறது. தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உருவாகிறது. மனிதர்களில் கியாரி, சிரிங்கோமயலியா என்று படித்தோமே, அதேதான். இந்த நாய் நடக்கும்போதே கழுத்துப் பக்கம் காலைத் தூக்கி, தோலைத் தொடாமல் காற்றில் சொறியும். பார்க்கிறவர்கள் அழகு என்று வீடியோ எடுப்பார்கள். பல சமயம் அதன் பின்னால் வலி இருக்கும்.

2008இல் பிபிசியில் ஒரு ஆவணப்படம் வந்தது, 'பெடிகிரி டாக்ஸ் எக்ஸ்போஸ்டு'. வலியில் துடித்த காவலியரைக் காட்டினார்கள். இந்த நோய் இருப்பது தெரிந்தும் பரிசு வென்ற ஒரு நாயைத் தொடர்ந்து இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்றும் காட்டினார்கள். பெரிய ரகளை. வருடா வருடம் க்ரஃப்ட்ஸை ஒளிபரப்பிய பிபிசி 2009 முதல் விலகியது. நார்வேயில் விலங்கு நல அமைப்பு ஒன்று கோர்ட்டுக்கே போனது. 2022இல் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றமும், மேல்முறையீடு தாண்டி 2023இல் உச்ச நீதிமன்றமும், காவலியரை இப்படித் தூய இனமாகவே பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்றன. வீட்டில் இருப்பதை வளர்க்கத் தடை இல்லை.

எனக்குத் தீர்ப்பு சரி என்றுதான் படுகிறது. மூடிய வட்டத்துக்குள்ளேயே சுற்றினால் நல்ல மரபணு எங்கிருந்து வரும்? அதே சமயம் டென்மார்க்கில் சும்மா இருக்கவில்லை. இதயத்தைப் பரிசோதித்துத் தேறிய நாய்களுக்கு மட்டுமே இனப்பெருக்க அனுமதி என்று கட்டாயமாக்கி, பத்து வருடத்தில் வால்வு நோயைக் குறைத்தும் காட்டினார்கள். தேறிய நாய்களை மட்டும் சேர்ப்பதில் வட்டம் இன்னும் சுருங்குமே என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்தவர்களின் பேச்சு அங்கே எடுபடவில்லை.

இதையெல்லாம் படித்து முடித்தபோது மறுபடி கீஸ் ஞாபகம் வந்தார். நோய் மனுஷனிடமிருந்து நாய்க்குப் போகும் என்றாரே. வயிற்று வலி போகவில்லை. ஆனால் முகம் இப்படி இருக்கணும், மண்டை இப்படி இருக்கணும், பழைய ஓவியம் மாதிரி இருக்கணும் என்ற நம்ம ஆசை ஒவ்வொன்றும் அதன் உடம்புக்குள் போயிருக்கிறது. அதுவும், கூட ஒரே வீட்டில் இருந்தவர் தொப்பியை வைத்து ஒப்பிட்ட அதே வால்வுக்குள்.

அக்காவிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன். கொஞ்ச நேரம் டைப்பிங், டைப்பிங் என்று காட்டியது. பிறகு, "வாங்கும்போது குட்டியோட அம்மா அப்பாவுக்கு எக்கோ எடுத்தீங்களான்னு ஒரு வார்த்தை நான் கேட்கலடா. டாக்டர் நான். கேட்கவே தோணல."

என்னிடமும் கேட்டிருந்தால் எனக்கும் தோன்றியிருக்காது.

சரி, இப்போ செய்யக்கூடியது என்ன? 2016இல் 360 நாய்களை வைத்து எபிக் என்று ஒரு ஆய்வு வெளியானது. மர்மர் இருக்கு, இதயம் பெரிதாகியும் இருக்கு, ஆனால் அறிகுறி இன்னும் வரவில்லை, அந்த மாதிரி நாய்கள். பிமோபெண்டான் என்ற மாத்திரை கொடுத்ததில் இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும் ஜீவனுக்கு 15 மாதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அக்காவின் நாய்க்கு ஓடுவது இதே மாத்திரைதான்.

அதைவிட முக்கியமானது காசே ஆகாத ஒன்று. நாய் அசந்து தூங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. கனவு கண்டு காலை உதைக்கும்போது எண்ண வேண்டாம். 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதற்கு மேலேயே தொடர்ந்து நின்றாலோ, வழக்கத்தைவிட ஏறிக்கொண்டே போனாலோ, நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்திருக்கலாம். காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். வார்டில் நர்ஸ் சிஸ்டர்கள் சார்ட்டில் எழுதுகிற அதே ரெஸ்பிரேட்டரி ரேட்தான்.

இன்னும் இரண்டு விஷயம், டாக்டர் வீட்டுக்காரர்களுக்குக் குறிப்பாக. நாய் நொண்டுகிறது என்று வீட்டில் கிடக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்கை உடைத்துக் கொடுக்காதீர்கள். வயிற்றில் ரத்தம், சிறுநீரகச் செயலிழப்பு என்று போய்விடும். எடையையும் ஏற விடாதீர்கள். அந்தக் கண்ணை வைத்துப் பார்த்தால் யாருக்கும் பிஸ்கட் கொடுக்கத்தான் தோன்றும். கெட்டுப்போன வால்வுக்கு அந்த இரண்டு கிலோ பெரிய பாரம். காவலியர் என்றால் கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு கட்டும் பட்டை. தலைக்குள்ளும் கழுத்துக்குள்ளும் என்ன நடக்கிறது என்று மேலே பார்த்தோமே.

அக்கா ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். தேதி, எண். ராத்திரி நாய் அவர் வயிற்றின் மேல் படுத்துத் தூங்குகிறது, கீஸ் எழுதி வைத்த அதே இடத்தில். மூச்சை எண்ண லைட் போட வேண்டியதே இல்லையாம், வயிற்றிலேயே தெரிகிறதாம். தினமும் எனக்கும் அந்த எண் வந்துவிடும், வேறு ஒரு வார்த்தை இருக்காது.

நேற்று 22.